புத்தாண்டும் ஆன்மீகப் புதுப்பித்தலும்: கனி கொடாத அத்திமர உவமையின் வழியே

க.பொ.த. (சாதாரண தரம்) – கிறிஸ்தவம்

அறிமுகம்

"புத்தாண்டில் ஒரு கிறிஸ்தவர் எவ்வாறு ஆன்மீகப் புதுப்பித்தலைப் பெறலாம்?" என்ற வகையான வினாவுக்கு எழுதப்படும் விடைகள் பெரும்பாலும் ஒரே மாதிரியாகவே இருக்கும். அதிகாலையில் எழுந்து ஜெபிப்பேன், நாள்தோறும் விவிலியம் வாசிப்பேன், பெற்றோருக்குக் கீழ்ப்படிவேன், தீய நட்பை விட்டு விலகுவேன் என்று ஒரு பட்டியல் வரும். இவை பிழையான விடைகள் அல்ல. ஆனால் இந்தப் பட்டியலில் இருந்து கிறிஸ்துவின் பெயரை எடுத்துவிட்டாலும் விடை பெரிதும் மாறாது. ஏறத்தாழ இதே தீர்மானங்களை எந்தச் சமயத்தவரும் எடுக்கலாம். புதுப்பித்தலைப் பற்றிக் கிறிஸ்தவ விசுவாசம் தனித்துவமாகக் கூறுவது என்ன என்பதையே வினா எதிர்பார்க்கிறது.

அதனை விளங்கிக்கொள்வதற்கு லூக்கா 13:1–9 பகுதியை இப்பாடத்தின் அடிப்படையாகக் கொள்வோம். விவிலியத்தைத் திறந்து வைத்துக்கொண்டு படிப்பது நல்லது.

ஜனவரி முதலாந் திகதி

ஜனவரி 1 விவிலியம் தந்த புத்தாண்டு அன்று. அது உரோமரின் நாட்காட்டியில் இருந்து வந்தது. முன்னும் பின்னும் நோக்கும் இரு முகங்களைக் கொண்ட யானுஸ் என்ற உரோமத் தெய்வத்தின் பெயராலேயே அம்மாதம் அழைக்கப்பட்டது. இஸ்ரயேலருக்கு ஆண்டின் முதல் மாதம் எது என்பதை யாத்திராகமம் 12:2 கூறுகிறது. எகிப்தின் அடிமைத்தனத்தில் இருந்து அவர்கள் விடுவிக்கப்பட்ட மாதமே அது. அவர்கள் காலத்தை எண்ணத் தொடங்கியது கடவுளின் மீட்புச் செயலில் இருந்து என்பதைக் கவனியுங்கள். திருச்சபையின் வழிபாட்டு ஆண்டும் ஜனவரியில் தொடங்குவதில்லை. திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறே அதன் தொடக்கம். இங்கிலாந்தில்கூட 1751 வரை சட்டப்படி ஆண்டு மார்ச் 25இலேயே தொடங்கியது. 1752 முதலே ஜனவரி 1 அங்கு சட்டபூர்வமான ஆண்டுத் தொடக்கமாயிற்று.

ஆகவே திகதி மாறுவதால் மனிதர் புதியவராவதில்லை. புதிய ஏற்பாட்டின் கிரேக்க மொழியில் "புதிய" என்பதற்கு இரு சொற்கள் உண்டு. 'நேயோஸ்' என்பது பொதுவாகக் காலத்தால் புதியதை, அண்மையில் தோன்றியதைக் குறிக்கும். 'கைனோஸ்' என்பது தன்மையால் புதியதைக் குறிக்கும். இந்த வேறுபாடு எல்லா இடங்களிலும் இறுக்கமாகப் பேணப்படவில்லை. எனினும் கிறிஸ்துவுக்குள் இருப்பவர் புதிய படைப்பு என்று பவுல் கூறும் 2 கொரிந்தியர் 5:17இல் வருவது இரண்டாவது சொல்லே. சுவரில் மாட்டும் நாட்காட்டி முதல் வகையில் புதியது. மனிதர் புதியவராவது இரண்டாம் வகை.

லூக்கா 13:1–5: இரு துயரச் செய்திகள்

அத்திமர உவமையைப் பல மாணவர்கள் ஆறாம் வசனத்தில் இருந்தே படிக்கின்றனர். அதற்கு முன்னுள்ள ஐந்து வசனங்களை விட்டுவிட்டால் உவமையின் கூர்மை தெரியாது. பலி செலுத்திக்கொண்டிருந்த கலிலேயர் சிலரைப் பிலாத்து கொன்றான் என்ற செய்தியைச் சிலர் இயேசுவிடம் கொண்டுவருகின்றனர். இயேசு மற்றொரு நிகழ்வையும் நினைவூட்டுகிறார். சீலோவாமில் கோபுரம் ஒன்று இடிந்து விழுந்து 18 பேர் இறந்திருந்தனர். முதலாவது ஆட்சியாளனின் கொடுமை, இரண்டாவது விபத்து. இவ்வாறு இறந்தவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா என்று இயேசு கேட்கிறார். இல்லை என்று அவரே விடையும் கூறுகிறார். பின்னர் கேள்வியைக் கேட்போர் பக்கமே திருப்பி, நீங்கள் மனந்திரும்ப வேண்டும் என்கிறார்.

இப்பகுதி நம் நாட்டவர்க்கு மிக அருகில் இருக்கிறது. 2004 டிசெம்பர் 26, கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. அன்று காலை ஆழிப்பேரலை இலங்கையில் முப்பதினாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. ஆறு நாட்களில் 2005 பிறந்தது. கரையோர மக்கள் பலர் அந்தப் புத்தாண்டைப் பாடசாலைகளிலும் வழிபாட்டிடங்களிலும் அகதிகளாகத் தங்கியிருந்தே கண்டனர். எந்தப் பேரழிவுக்குப் பின்னரும், "அவர்கள் என்ன பாவம் செய்தார்களோ" என்ற பேச்சு எங்காவது எழும். பாதிக்கப்பட்டவரின் காதில் விழும்படியே எழும். இயேசு அப்பேச்சை நேரடியாக மறுக்கிறார். இறந்தவர்கள் கூடிய பாவிகளும் அல்லர், உயிரோடிருப்பவர்கள் கூடிய நல்லவர்களும் அல்லர். அப்படியானால் உயிரோடிருப்பவருக்குக் கிடைத்திருக்கும் இந்தக் காலம் எதற்காக? இக்கேள்விக்கு விடையாகவே அடுத்து உவமை வருகிறது.

உவமை: லூக்கா 13:6–9

ஒருவர் தமது திராட்சைத் தோட்டத்தில் ஓர் அத்திமரத்தை நட்டிருந்தார். மூன்று ஆண்டுகளாக வந்து தேடியும் அதில் கனி இல்லை. வெட்டிவிடும்படி தோட்டக்காரரிடம் கூறினார். மரம் கனி தராதது மட்டுமன்றி நிலத்தையும் பயனற்றதாக்குகிறது என்பது அவருடைய முறையீடு. தோட்டக்காரரோ இன்னும் ஓர் ஆண்டு தவணை கேட்டார். அந்த ஆண்டில் தாம் மரத்தைச் சுற்றிக் கொத்தி எருவிடுவதாகவும், அதன் பின்னும் கனி இல்லையானால் வெட்டலாம் என்றும் கூறினார்.

இங்கே உவமை முடிந்துவிடுகிறது. உரிமையாளர் சம்மதித்தாரா என்பதுகூடக் கூறப்படவில்லை. அடுத்த ஆண்டு மரம் கனி தந்ததா என்பதும் தெரியாது. சில மாணவர்கள் தாமாகவே "மரம் நல்ல கனி கொடுத்தது" என்று முடிவு எழுதிவிடுகின்றனர். அவ்வாறு எழுத வேண்டாம். கேட்பவருடைய வாழ்க்கையே முடிவாக அமையட்டும் என்று உவமை திறந்த நிலையில் விடப்பட்டுள்ளது.

இன்னொரு தவறும் அடிக்கடி நேர்கிறது. இயேசு எருசலேமுக்கு அருகில் அத்திமரம் ஒன்றைச் சபித்த நிகழ்வு மாற்கு 11ஆம் அதிகாரத்திலும் மத்தேயு 21ஆம் அதிகாரத்திலும் உள்ளது. அது நிகழ்வு, இது உவமை. அங்கே மரம் பட்டுப்போகிறது, இங்கே தவணை கேட்கப்படுகிறது. இரண்டையும் கலந்து எழுதினால் விடையின் பொருளே மாறிவிடும்.

இப்போது உவமையைச் சற்று ஆழமாகப் பார்ப்போம். அந்தக் கூடுதல் ஆண்டை மரம் சம்பாதிக்கவில்லை. மூன்று ஆண்டுக் கணக்கைப் பார்த்தால் அதற்கு எதிரான தீர்ப்பே நியாயமானது. யாரோ ஒருவர் அதற்காகப் பரிந்து பேசியதால் ஆண்டு கிடைக்கிறது. இதையே கிருபை என்கிறோம். அந்த ஆண்டில் மண்வெட்டி பிடிப்பவரும் தோட்டக்காரரே. மரம் தனக்குத்தானே எருவிட முடியாது. ஆனால் கனியை மரந்தான் தரவேண்டும். தோட்டக்காரர் கனியைக் கொண்டுவந்து கிளையில் கட்டிவிடப் போவதில்லை. கடவுளின் கிருபை, மனிதரின் பொறுப்பு ஆகிய இரண்டும் இந்தச் சிறிய உவமைக்குள் சேர்ந்தே இருக்கின்றன.

வீட்டு வளவில் தேசி மரமோ மாதுளையோ வைத்திருப்பவர்களுக்கு ஒன்று தெரியும். மரத்தைச் சுற்றி ஆழமாகக் கொத்திப் பசளை போடும்போது சில வேர்கள் அறுபடும். மரம் சில நாள் வாடியும் நிற்கும். புதுப்பித்தல் என்றால் எப்போதும் மகிழ்ச்சியான உணர்வு என்று எண்ணுவோர் இதனையும் சேர்த்து எண்ண வேண்டும். பழைய பழக்கமொன்று வேரோடு அசைக்கப்படும்போது வலி இருக்கும். வலிப்பதால் தோட்டக்காரர் கைவிட்டுவிட்டார் என்று பொருளன்று.

மனந்திரும்புதலும் கனியும்

இங்கு முக்கியமான எண்ணக்கரு மனந்திரும்புதல். கிரேக்கத்தில் இது 'மெத்தனோயா'. மனம் மாறுதல் என்பது அதன் பொருள். பழைய ஏற்பாட்டின் எபிரேய மொழியில் இதற்கு வழங்கும் 'ஷூப்' என்ற சொல்லுக்குத் திரும்பி வருதல் என்பது பொருள். தமிழில் "மனம்" என்பதும் "திரும்புதல்" என்பதும் சேர்ந்த ஒரே சொல்லில் அவ்விரண்டு கருத்துகளும் அமைந்துவிட்டன. செய்ததற்கு வருந்துவது மட்டும் மனந்திரும்புதல் ஆகாது. வருந்தியபடியே அதே வழியில் நடந்துகொண்டிருப்பவர் இன்னும் திரும்பவில்லை.

கனி என்பது எது? இதற்கு விடை லூக்கா நற்செய்திக்குள்ளேயே உண்டு. 3ஆம் அதிகாரத்தில் மனந்திரும்புதலுக்கு ஏற்ற கனியைக் கொடுங்கள் என்று திருமுழுக்கு யோவான் முழங்குகிறார். நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று மக்கள் கேட்கின்றனர். யோவான் கூறும் பதில்கள் வியப்பூட்டும் அளவுக்கு எளிமையானவை. இரண்டு அங்கி உள்ளவர் இல்லாதவரோடு பகிர வேண்டும். வரி வசூலிப்போர் விதித்ததற்கு மேல் வாங்கக்கூடாது. படைவீரர் மிரட்டிப் பணம் பறிக்கக்கூடாது. 19ஆம் அதிகாரத்தில் சகேயு தன் உடைமையில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், ஏமாற்றி வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகவும் கூறுகிறான். அவன் அதைக் கூறியது இயேசு அவனுடைய வீட்டுக்கு விருந்தினராக வர முன்வந்த பின்னரே. அன்பு முதலில் வந்தது, கணக்குத் தீர்ப்பது அதன் பின் வந்தது. இந்த ஒழுங்கு முறையை விடையில் மாற்றி எழுத வேண்டாம்.

துக்கத்தின் நடுவே புதுமை

புத்தாண்டு வாக்குத்தத்த அட்டைகளில் புலம்பல் 3:22–23 அடிக்கடி இடம்பெறும். ஆண்டவரின் இரக்கம் காலைதோறும் புதியதாக இருக்கிறது என்பது அதன் கருத்து. பூக்களும் சூரிய உதயமும் அச்சிடப்பட்ட அட்டையில் பார்க்கும்போது இது மகிழ்ச்சியான ஒரு மனிதரின் சொல் போலத் தோன்றும். உண்மையில் கி.மு. 586 அளவில் பாபிலோனியரால் எருசலேம் அழிக்கப்பட்ட துயரத்தைப் பாடும் நூல் அது. நகரம் எரிந்துவிட்டது, ஆலயம் இல்லை, குழந்தைகள் பசியால் தெருக்களில் மயங்கி விழுகின்றனர். அதன் நடு அதிகாரத்திலேயே இந்த நம்பிக்கை ஒலிக்கிறது. அதற்குப் பின்னும் அழுகை நின்றுவிடுவதில்லை. நூலின் கடைசி வசனம்கூடக் கவலையோடுதான் முடிகிறது.

ஆகவே துக்கத்தோடு புத்தாண்டைச் சந்திப்பவர் விசுவாசம் குறைந்தவர் அல்லர். அவருடைய கண்ணீரை ஜனவரி 1ஆம் திகதி துடைத்துவிட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அன்றைய காலைக்குப் போதுமான இரக்கமே அங்கு வாக்களிக்கப்படுகிறது. வகுப்பில் ஓர் இழப்பைச் சந்தித்த நண்பர் இருந்தால், வாழ்த்து அட்டை கொடுப்பதற்கு முன் இந்த அதிகாரத்தை ஒரு தடவை முழுமையாக வாசித்துப் பாருங்கள்.

திருச்சபை வரலாற்றில் ஓர் எடுத்துக்காட்டு: ஜோன் வெஸ்லி

தீர்மானங்களால் மட்டும் புதுப்பித்தல் வராது என்பதற்கு ஜோன் வெஸ்லியின் வாழ்க்கை தெளிவான எடுத்துக்காட்டு. ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது அவரும் அவருடைய சகோதரர் சாள்ஸ் வெஸ்லியும் மற்றும் சில நண்பர்களும் சேர்ந்து கடுமையான ஒழுங்கைக் கடைப்பிடித்தனர். குறித்த நேரத்தில் ஜெபம், வாரத்தில் இரு நாள் உபவாசம், சிறைக் கைதிகளைச் சந்தித்தல் என்று எல்லாம் முறைப்படி நடந்தன. இந்த முறைமையைக் கேலி செய்தே அவர்களுக்கு "மெதடிஸ்த" என்ற பெயர் சூட்டப்பட்டது. நம் மாணவர்கள் புத்தாண்டுத் தீர்மானமாக எழுதும் அனைத்தையும் வெஸ்லி ஏற்கெனவே செய்துகொண்டிருந்தார் என்று கூறலாம். ஆயினும் அமெரிக்காவின் ஜோர்ஜியாவில் அவர் செய்த பணி தோல்வியடைந்து, 1738இல் மனம் உடைந்தவராக நாடு திரும்பினார்.

அதே ஆண்டு மே 24ஆம் திகதி மாலை, இலண்டன் அல்டர்ஸ்கேட் வீதியில் நடந்த ஒரு கூட்டத்துக்கு விருப்பமின்றியே சென்றார். உரோமர் நிருபத்துக்கு மார்ட்டின் லூதர் எழுதிய முன்னுரை அங்கு வாசிக்கப்பட்டது. அதைக் கேட்டபோது மீட்புக்காகத் தாம் கிறிஸ்துவை மட்டுமே நம்புவதாக அவர் உணர்ந்தார். இதன் பின் அவர் தமது ஒழுங்குமுறைகளைக் கைவிடவில்லை. முன்னர் கடவுளின் அன்பைப் பெறுவதற்காக உபவாசித்தவர், பின்னர் அந்த அன்பைப் பெற்றவராக உபவாசித்தார். வெளியில் இருந்து பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியாமலும் இருந்திருக்கலாம்.

பிரிஸ்டல் நகருக்கு அருகே கிங்ஸ்வூட் என்ற இடத்தில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் வாழ்ந்தனர். அவர்களுள் புதிதாக விசுவாசம் அடைந்தோர் இரவில் கூடி நள்ளிரவு கடந்தும் ஜெபித்தனர். இதை நிறுத்திவிடும்படி சிலர் வெஸ்லிக்கு ஆலோசனை கூறினர். ஆதிக் கிறிஸ்தவர்களும் இரவு விழித்து ஜெபித்ததை எண்ணிய அவர் தாமும் அதில் கலந்துகொண்டார். இவ்வாறு விழிப்பு ஆராதனை மெதடிஸ்தரிடையே பரவியது. அது முதலில் ஆண்டிறுதிக்கு உரியதாக இருக்கவில்லை. முழுநிலாவை அண்டிய வெள்ளிக்கிழமை இரவையே வழக்கமாகத் தெரிவு செய்தனர். தூரத்தில் இருந்து வந்தவர்கள் வீடு திரும்ப வெளிச்சம் வேண்டும் என்பதே காரணம்! பிற்காலத்தில் டிசெம்பர் 31 இரவுக்கு அது உரியதாயிற்று.

இதைவிட முக்கியமானது உடன்படிக்கை ஆராதனை. 1755 ஓகஸ்ட் 11ஆம் திகதி மாலை, இலண்டன் ஸ்பிடல்பீல்ட்ஸ் பகுதியில் இருந்த பிரெஞ்சு ஆலயத்தில் வெஸ்லி இதனை நடத்தினார். ரிச்சர்ட் அலைன் என்ற முற்காலப் போதகரின் வார்த்தைகளில் அமைந்த உடன்படிக்கையை அவர் வாசித்தபோது, ஏறத்தாழ 1800 பேர் தம் சம்மதத்தைக் காட்ட எழுந்து நின்றனர். 1780இல் இதற்கான வழிகாட்டி சிறு நூலாக வெளியிடப்பட்டது. நாளடைவில் இது புத்தாண்டோடு இணைந்து, ஆண்டின் முதல் ஞாயிறன்று நற்கருணையோடு நடத்தப்படும் வழக்கம் ஏற்பட்டது.

மெதடிஸ்த ஊழியர்கள் இலங்கைக்கு வந்தது 1814இல். அவர்களை வழிநடத்திப் புறப்பட்ட தோமஸ் கோக் கடற்பயணத்திலேயே இறந்தார். ஏனையோர் யூன் 29இல் காலியில் கரையிறங்கினர். ஜேம்ஸ் லின்ச், தோமஸ் ஸ்குவான்ஸ் ஆகியோர் யாழ்ப்பாணத்துக்கும் வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்கும் சென்றனர். ஓல்ட் மறு ஆண்டிலேயே அங்கு மரணமடைந்தார். இம்மரபின் வழியாகவே உடன்படிக்கை ஆராதனை நமது தமிழ்ச் சபைகளுக்கும் வந்தது.

இந்த ஆராதனையில் ஒருவர் "நான் இதைச் செய்வேன், அதைச் செய்வேன்" என்று பட்டியலிடுவதில்லை. தாம் இனித் தமக்குரியவர் அல்லர் என்று அறிக்கையிட்டு, பயன்படுத்தப்பட்டாலும் ஒதுக்கி வைக்கப்பட்டாலும், நிறைவிலும் குறைவிலும் கடவுளுக்கே உரியவராக இருக்கச் சம்மதிக்கிறார். பரீட்சைப் பெறுபேறு எப்படி வரும் என்று தெரியாமல் காத்திருக்கும் ஒருவர் இதைச் சொல்வது எளிதன்று. எளிதன்று என்பதனால்தான் இது தனியாக அன்றிச் சபையாகச் சேர்ந்து சொல்லப்படுகிறது. விவிலியப் பின்னணியாக யோசுவா 24, எரேமியா 31:31–34, லூக்கா 22:20 ஆகியவற்றைக் குறிப்பிடலாம்.

ஏனைய சபைகளின் வழக்கங்களையும் சுருக்கமாக அறிந்திருங்கள். கத்தோலிக்க திருச்சபை ஜனவரி 1ஐ இறைவனின் தாயாகிய மரியாவின் பெருவிழாவாகக் கொண்டாடுகிறது. 1968 முதல் அந்நாள் உலக சமாதான தினமாகவும் அனுசரிக்கப்படுகிறது. அங்கிலிக்கன் சபையில் எட்டாம் நாளில் இயேசுவுக்குப் பெயரிடப்பட்டது நினைவுகூரப்படும் (லூக்கா 2:21).

மாதிரி வினாவும் விடையும்

வினா: ஒரு மாணவன் தன் நண்பனைப் பற்றி வகுப்பில் பொய்யான கதை ஒன்றைப் பரப்பினான். நண்பன் அவனோடு பேசுவதை நிறுத்திப் பல மாதங்கள் ஆகின்றன. டிசெம்பர் 31 இரவு ஆராதனையில் அம்மாணவன் கண்ணீரோடு ஜெபித்து, புத்தாண்டில் புதிய மனிதனாக வாழ்வேன் என்று உறுதியெடுத்தான். ஆனால் நண்பனிடம் செல்ல அவனுக்கு வெட்கமாக இருந்தது. அவனுடைய புதுப்பித்தல் பற்றி உமது கருத்தை விவிலிய ஆதாரத்துடன் எழுதுக.

விடை: மாணவனின் கண்ணீர் பொய்யானது என்று கூற முடியாது. தன் தவறை உணர்ந்தமை மனந்திரும்புதலின் தொடக்கமாகும். கனி கொடாத மரத்துக்கு மேலும் ஓர் ஆண்டு கேட்கப்பட்டது போல (லூக்கா 13:8) அவனுக்கும் காலம் தரப்பட்டுள்ளது. இது அவனுடைய தகுதியால் வந்தது அன்று, கடவுளின் கிருபையால் வந்தது. எனினும் அந்த மரத்திடம் எதிர்பார்க்கப்பட்டது கனி. சகேயு தான் ஏமாற்றியவர்களுக்குத் திருப்பிக் கொடுக்க முன்வந்தான். காணிக்கை செலுத்த வந்தவர் முதலில் சகோதரரோடு ஒப்புரவாக வேண்டும் என்று இயேசு மத்தேயு 5:23–24இல் போதித்தார். ஆகவே அவன் நண்பனிடம் மன்னிப்புக் கேட்பதோடு, பொய்க் கதையைக் கேட்ட வகுப்பு மாணவரிடமும் உண்மையைக் கூற வேண்டும். நண்பன் உடனே மன்னிக்காமல் இருக்கலாம். மன்னிப்பது நண்பனின் சுதந்திரம், உண்மையைக் கூறுவது இவனுடைய கடமை. வெட்கத்தை மேற்கொள்ளும் பலத்தைக் கடவுளிடம் ஜெபத்தில் கேட்கலாம்.

கவனிக்க: இந்த விடையில் வகுப்பு மாணவரிடம் உண்மையைக் கூறும் பகுதியையே பலர் தவறவிடுவர். மன்னிப்பு ஒருவரிடம் கேட்கப்பட்டாலும் கெடுதி பலரிடம் பரவியிருக்கிறது. மேலும் "புதிய மனிதன்" என்ற சொற்றொடர் வினாவில் வந்தால் எபேசியர் 4:22–25ஐ ஆதாரமாகக் காட்டலாம். பழைய இயல்பைக் களைந்து புதியதை அணிந்துகொள்ளச் சொன்ன பவுல், அடுத்த வசனத்திலேயே பொய்யை விட்டு அயலாரோடு உண்மை பேசும்படி கூறுவதைக் காண்பீர்கள்.

பயிற்சி

1. லூக்கா 13:1–5இல் குறிப்பிடப்படும் இரு துயர நிகழ்வுகளையும் எழுதி, அவை பற்றி இயேசு கூறிய கருத்தை விளக்குக.

2. "அந்தக் கூடுதல் ஆண்டை மரம் சம்பாதிக்கவில்லை." இக்கூற்றை உவமையைக் கொண்டு தெளிவுபடுத்துக. தோட்டக்காரரின் பங்கும் மரத்தின் பங்கும் வேறுபடுமாற்றைக் காட்டுக.

3. லூக்கா 3:10–14இல் மக்கள், வரி வசூலிப்போர், படைவீரர் ஆகியோருக்கு யோவான் கூறிய பதில்கள் எவை? இன்று ஒரு மாணவர் அதே கேள்வியைக் கேட்டால் யோவான் என்ன பதில் கூறியிருப்பார் என்று நீர் கருதுகிறீர்?

4. 1755இல் வெஸ்லி நடத்திய உடன்படிக்கை ஆராதனைக்கும் தனிநபர் எடுக்கும் புத்தாண்டுத் தீர்மானத்துக்கும் இடையிலான வேறுபாடுகள் இரண்டினை விளக்குக.

5. அண்மையில் தன் தாயை இழந்த வகுப்புத் தோழி ஒருவருக்குப் புத்தாண்டு தினத்தில் நீர் எழுதும் கடிதத்தை, புலம்பல் 3ஆம் அதிகாரத்தின் கருத்து அமையுமாறு ஒரு பக்கத்துக்குள் எழுதுக.